மருந்துமலை ஞாயிறுகள்

நம் ஆறாம் வகுப்புப் படத்தை யாரோ வாட்ஸப் குழுவில் போட்டதிலிருந்து எல்லோரும் அவரவர் முகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். முன்நெற்றியில் ஒன்றிரண்டு நரைக்குச் சாயம் பூசத் தொடங்கிவிட்ட வயது நமக்கு. இரட்டைச் சடையும் ரிப்பனுமாக நம்மைப் பார்க்க நமக்கே சிரிப்பு வருகிறது. கடைசி வரிசையில், அவ்வளவு வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு தலைகுனிந்து நிற்பது யார் என்று ஒருத்தி கேட்டிருந்தாள். நான்தான். "ஞாயிற்றுக்கிழமை விளையாடக் கூப்பிட்டால் மலைக்குப் போகணும் என்பாயே, பெரிய பக்தை அல்லவா நீ" என்று இன்னொருத்தி எழுதியிருந்தாள். ஒரு சிரிப்புப் பொம்மையைப் பதிலாகப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். மனம் நகரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சுனாமி வந்து போன அடுத்த வருடம் அது. முதலில் இடது முழங்கையில் ஒரு வெள்ளை வந்தது. தேங்காய்ப் பத்தையைச் சீவி ஒட்டியதுபோல் சின்னதாக. பிறகு வலது முழங்கை. பிறகு முழங்காலுக்குக் கீழே, படம் வரைந்ததுபோல் ஓரங்கள் வளைந்து வளைந்து. வலியில்லை, அரிப்பில்லை. வீட்டில் அதைத் தேமல் என்றார்கள். தேமல் அல்ல என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் நீங்கள் அதற்குச் சரியான பெயரைச் சொன்னீர்கள். வெள்ளைப்பாண்டு. உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. யாராவது ஒருவர் பெயர் சொல்லித்தானே ஆகவேண்டும்.

எங்கள் வீடு உங்களுக்குத் தெரியும். மயிலாடிக்குப் பக்கத்தில், தெருவில் எந்நேரமும் கல்லுளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். பெரியப்பாதான் வீட்டில் மூத்தவர், தாலுகா ஆபீஸ் உத்தியோகம், அவர் சொன்னால் சொன்னதுதான். அப்பா பஸ் கண்டக்டர். நெருக்கியடித்த வண்டியில் முன்வாசலில் நின்று அவர் ஒரு குரல் கொடுத்தால் கடைசி இருக்கையில் தூங்குகிறவன் விழித்துக்கொள்வான். அவர்கள் இருவருக்கும் ஒரே தங்கை, என் அத்தை. அந்த முழுக்கைச் சட்டைகளையெல்லாம் தைத்துத் தந்தது அவள்தான். கைப்பட்டியில் எனக்குப் பிடிக்கும் என்று சின்னச் சின்னப் பூ போட்டுத் தருவாள். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த காலம்.

முதலில் வந்த ஒரு கூட்டம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது அரைக்கைச் சட்டைதான் போட்டிருந்தேன். வெற்றிலைத் தட்டைக் கூடத்துக்குக் கொண்டுபோய் வைக்க அம்மை என்னிடம் தந்தாள். பட்டுப்புடவை உடுத்த ஒருத்தி தட்டிலிருந்து கையை எடுக்காமல் என் முழங்கையையே பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவள் காதில் ஏதோ சொன்னாள். அவர்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். பெரியப்பா அன்று யாரோடும் பேசவில்லை. அவர்களுக்கு வேறு அவசர வேலை என்றுதான் நான் நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் மருந்துவாழ்மலை தொடங்கியது.

"மக்ளே, உனக்க மேலுக்குச் சொகமாவணும்னு ஒரு நேர்ச்சை வச்சிருக்கேன்" என்றார் அப்பா. "நாம ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமை மலைக்குப் போயிட்டு வருவோம்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பாவோடு தனியாக ஒரு முழுக் காலைப் பொழுது. வேறு எந்தப் பிள்ளைக்கும் அது வாய்க்காது. விடிந்ததும் புறப்படுவோம். மலையடியில் செருப்பைக் கழற்றிவிடுவோம். காலையில் கல்படி குளிர்ந்து கிடக்கும். எலுமிச்சம்புல் வாசனை காற்றோடு வரும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அந்த மலையில் பாவாடையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறவேண்டும். ஏற ஏற, ஒரு பக்கம் தென்னந்தோப்பும் குளங்களும் வயலும் கீழே இறங்கும். மறுபக்கம் உப்பளமும் கடலும் மேலே எழும்பும். வடக்கே தூரத்தில் காற்றாலைகள் சுற்றும்.

கதை சொல்வதற்கு அப்பாவைப்போல் ஆள் இல்லை. மூச்சு வாங்க ஏறிக்கொண்டே சொல்வார்.

"லட்சுமணன் மூர்ச்சையாயிக் கெடக்காரு. விடியதுக்குள்ள மருந்து வரணும். அனுமாரு இமயமலைக்குப் போனாரு. எது மருந்துச் செடின்னு தெரியல்ல. மலையையே பேத்து எடுத்தாச்சு. தூக்கிட்டுப் பறக்காரு. நம்ம ஊருக்கு மேல வரும்பம் கை மாத்தினாரு. மாத்தும்பம் ஒரு துண்டு விழுந்து போச்சு. அதாக்கும் இந்த மலை."

"அவரு எதுக்குப்பா கை மாத்தணும்? சாமிதானே?"

"நீ ஒரு கொடம் தண்ணியத் தூக்கிட்டு வரும்பம் இடுப்பு மாத்த மாட்டியா? அதுபோலத்தான்."

எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. சாமிக்கும் கை வலிக்கும் என்பது. விழுந்த துண்டிலும் மருந்து இருந்ததால் இந்த மலையில் இல்லாத மூலிகை இல்லை என்பார். குகைகளில் இன்னும் சித்தர்கள் இருக்கிறார்கள், மனிதக் கண்ணுக்கு எறும்பாகவும் தேனீயாகவும் தெரிவார்கள், அதனால் எறும்பை மிதிக்கக்கூடாது என்பார். நான் படியைப் பார்த்துப் பார்த்துக் கால் வைப்பேன். கார்த்திகைக்கு உச்சியில் தீபம் ஏற்றினால் அந்த வெளிச்சம் படுகிற ஊர்களில் அந்த வருடம் கொள்ளைநோய் அண்டாது என்பார். எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று சொல்வார்: "மருந்துச் செடி எதுன்னு நமக்குத் தெரியாது. ஆனா நோயாளி யாருன்னு செடிக்குத் தெரியும். அதைத் தொட்டு வாற காத்து உன்னையத் தேடி வரும். நீ கையத் தொறந்து காட்டிட்டு இருந்தாப் போதும்."

பாதி மலையில் சிவன்கோயில். அங்கே கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு பாறையில் என்னை உட்கார வைப்பார். மலையடியில் ஒரு வைத்தியர் கார்போகரிசி விதையை அரைத்து எண்ணெயில் குழைத்துத் தந்திருந்தார். அதைப் பூசி வெயிலில் இருக்கவேண்டும். சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு, இரண்டு முழங்கையையும் சூரியனுக்குக் காட்டியபடி நான் உட்கார்ந்திருப்பேன். முதலில் இதமாக இருக்கும். பிறகு எரியும். சில நாள் கொப்புளித்துவிடும். "மருந்து பிடிக்குது மக்ளே, பொறுத்துக்கோ" என்று அப்பா துண்டால் விசிறுவார். அந்த எண்ணெயையும் வெயிலையும் அப்படிக் கணக்கில்லாமல் சேர்க்கக்கூடாது, தோல் வெந்துபோகும் என்று பல வருடம் கழித்து ஒரு டாக்டர் சொன்னார். என் வலது முழங்கையில் அந்தத் தழும்பு இருக்கிறது.

வெயில் உச்சிக்கு வந்தபிறகுதான் இறங்குவோம். அப்பா அவசரப்படவே மாட்டார். நான் பசிக்கிறது என்றால் மலையடியில் நுங்கோ வாழைப்பழமோ வாங்கித் தருவார். கைக்கடிகாரத்தை அடிக்கடி பார்ப்பார். வீட்டுக்குப் போனால் காப்பித் தம்ளர்கள் கழுவிக் கவிழ்த்திருக்கும். முந்தின நாள் அம்மை பொரித்து வைத்த முந்திரிக்கொத்துப் பலகாரம் டப்பாவில் பாதிதான் இருக்கும். அத்தை பட்டுப்புடவையோடு பின்னறையில் படுத்திருப்பாள். சில நாள் அழுதிருப்பாள். அவளை விட்டுவிட்டு நாங்கள் மட்டும் மலைக்குப் போனதால் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த வாரம் அத்தையையும் கூட்டிப்போகலாமா என்று அப்பாவிடம் கேட்பேன். "அடுத்த வாட்டி பாப்போம்" என்பார்.

இத்தனை தடயம் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. சாமியின்மேல் அவ்வளவு நம்பிக்கை. அப்பாவின்மேல் அதைவிட.

ஆவணி மாதம் என்று நினைக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல் எண்ணெய் பூசிக்கொண்டு பாறையில் இருந்தேன். வெயில் ஏறிவிட்டது. அப்பா கொஞ்சம் தள்ளியிருக்கும் சுனையில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். படியில் ஒரு அம்மாள் ஏறி வந்தார். கனத்த உடம்பு, வெற்றிலை போட்ட வாய், ஒவ்வொரு படிக்கும் முழங்காலைக் கையால் அழுத்தி அழுத்தி ஏறினார். கோயில் நிழலில் வந்து உட்கார்ந்து, என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, இங்கன தனியா இருந்து என்ன செய்யே?"

"மருந்து பூசியிருக்கேன். அப்பா தண்ணிக்குப் போயிருக்காவ."

அவர் என் முழங்கைகளைப் பார்த்தார். மற்றவர்கள் பார்க்கிற மாதிரி பார்க்கவில்லை. மழை பெய்திருக்கிறதா என்று வயலைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "எப்பம் வந்தது?" என்று கேட்டார். சொன்னேன். "செரி, வெயிலு கூடுது. இங்க நெழலுக்கு வா" என்றார். போனேன்.

இந்த மலையின் கதை தெரியுமா என்று கேட்டார். நான் அப்பா சொன்னதைச் சொன்னேன். அவர் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"உங்கப்பா மாத்திச் சொல்லிட்டான். கொண்டு போகும்பம் விழல்ல. திருப்பி வைக்கப் போகும்பம் விழுந்ததாக்கும். லட்சுமணன் எழும்பியாச்சு, இனி இந்த மலை யாருக்கு வேணும்னு அனுமாருக்குக் கவனம் கொறஞ்சு போச்சு. சோலி முடிஞ்சா எல்லாவனும் அப்படித்தான்."

எனக்கும் சிரிப்பு வந்தது. அவருக்கு என்னைப் பிடித்துவிட்டது. பக்கத்தில் வைத்திருந்த பையைப் பிரித்து ஒரு முந்திரிக்கொத்தை எடுத்து நீட்டினார்.

"தின்னு. நாங்க பூதப்பாண்டி. எனக்க மகனுக்குப் பொண்ணு பாக்க மயிலாடிப் பக்கம் வந்தோம். காலையில பாத்தாச்சு. குட்டி நல்ல குட்டி. இவ்வளவு தூரம் வந்தாச்சே, மலையேறிட்டுப் போவோம்னு பிள்ளைய எல்லாம் உச்சிக்குப் போயிருக்கு. எனக்கு மூட்டு ஒத்துக்கல்ல. இது அந்த வீட்டுல தந்து விட்டதாக்கும்."

ஒரு கடி கடித்தேன். அம்மை சுக்கு கொஞ்சம் கூடுதலாகப் போடுவாள். நாக்கில் அந்தக் காரம் ஏறியது. பையைப் பார்த்தேன். போன வருடம் கிழிந்துபோன என் பச்சைப் பாவாடையில் அம்மை தைத்த பை.

சட்டென்று புரிந்தது என்று சொல்லமுடியாது. ஒவ்வொன்றாக வந்தது. கவிழ்த்து வைத்த தம்ளர்கள். அத்தையின் பட்டுப்புடவை. அப்பா கைக்கடிகாரத்தைப் பார்ப்பது. வெற்றிலைத் தட்டு, அந்தப் பெண்ணின் பார்வை. வாயில் இருந்ததை விழுங்க முடியவில்லை. துப்பவும் முடியவில்லை. என் உடம்புக்குச் சுகமாக வேண்டும் என்று யாரும் என்னை மலைக்கு அனுப்பவில்லை. நான் வீட்டில் இருக்கக்கூடாது என்றுதான் அனுப்பினார்கள்.

அப்பா தண்ணீர்ப் பாட்டிலோடு வந்தார். அவர் முதலில் பார்த்தது என்னையல்ல, அந்தப் பச்சைப் பையை. நின்றுவிட்டார்.

"உங்களுக்க பிள்ளையா?" என்று அந்த அம்மாள் கேட்டார். வேறெந்த நினைப்பும் இல்லாமல், பேச்சுக்கு ஒரு தொடக்கமாகக் கேட்டதுதான். அப்பாவை அவர் அதுவரை பார்த்ததில்லை. பெண் பார்க்க வரும்போதெல்லாம் தம்பி டூட்டிக்குப் போயிருக்கிறான் என்றுதான் பெரியப்பா சொல்வார்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு கோயிலைப் பார்த்தார்.

"இல்ல... நம்ம பிள்ள இல்ல. அடுத்த வீட்டுப் பிள்ள. அதுக்க அப்பனுக்குச் சோலி உண்டும். மருந்துக்காச்சுட்டு நான் கூட்டிட்டு வந்தேன்."

காற்று அடித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாளிடம் நான் ஏற்கெனவே 'அப்பா' என்று சொல்லியாயிற்று. ஒருமுறையல்ல, கதை சொல்லும்போது வரிக்கு வரி. அது அப்பாவுக்குத் தெரியாது. அந்த அம்மாள் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருக்கிற பார்வை.

சட்டைக் கைகளைக் கீழே இறக்கிவிட்டேன். எண்ணெய் துணியில் ஒட்டியது.

"போவமா மாமா?" என்றேன்.

யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அந்தச் சொல் என் வாயிலிருந்து அவ்வளவு சுத்தமாக வந்தது. அப்பாவின் முகத்தில் யாரோ அறைந்ததுபோல் இருந்தது. அந்த அம்மாள் பையையும் எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்தார். பையின் வாயைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இறங்கும்போது அப்பா கதை சொல்லவில்லை. கையைப் பிடிக்கவும் இல்லை. ஒரு திருப்பத்தில் படியிலேயே உட்கார்ந்து, பாட்டில் தண்ணீர் முழுவதையும் தலையில் ஊற்றிக்கொண்டார். சட்டையெல்லாம் நனைந்தது.

"வீட்டுல யாருட்டயும் சொல்லாண்டாம் மக்ளே."

"செரிப்பா."

அவ்வளவுதான். அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த அம்மாளிடம் நான் முன்பே 'அப்பா' என்று சொல்லிவிட்டிருந்ததை அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

வீட்டில் அன்று முதன்முதலாக எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பெண் பிடித்துவிட்டது, நிச்சயத்துக்கு நாள் பாருங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். அத்தை என்னைத் தூக்கிச் சுற்றினாள். "நீ மலையில போயி எனக்காச்சுட்டும் கும்பிட்டியா?" என்று கேட்டாள். தலையாட்டினேன். அவள் கையிலிருந்து நழுவி இறங்கிக்கொண்டேன். அந்த அம்மாள் மலையிறங்கியதும் வேண்டாம் என்று சொல்லிவிடுவார், அப்பா என்று ஒரு வார்த்தையை முந்திச் சொன்ன என்னால்தான் அத்தைக்குக் கல்யாணம் நிற்கப்போகிறது என்று, தெருவில் மோட்டார் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். பள்ளிக்கூடத்தில் நீங்கள் கூப்பிட்டது எதுவும் அந்த நாட்களில் என் காதில் விழவில்லை. ஆனால் சேதி ஒன்றும் வரவில்லை. நாள் குறித்தாகிவிட்டது.

நிச்சயத்துக்கு முந்தின நாள் என்னை ஆரல்வாய்மொழியில் அம்மையின் அண்ணன், என் மாமா வீட்டுக்கு அனுப்பினார்கள். மலைக்குப் பதிலாக மாமா வீடு. எனக்கு அம்மைநோய் கண்டிருக்கிறது என்று கேட்டவர்களிடம் சொல்வதாக ஏற்பாடு. அப்பா நிச்சயத்தன்றும் டூட்டி என்று சொல்லி ஒதுங்கப் பார்த்திருக்கிறார். "தங்கச்சிக்க நிச்சயத்துக்கு உடன்பொறந்தவன் நிக்காம எங்க போற?" என்று பெரியப்பா அதட்டிவிட்டார்.

வீட்டில் நடந்ததை அம்மை பிற்பாடு சொன்னாள். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தாயிற்று. தட்டு மாற்றும் நேரம். அப்பா அடுக்களை வாசலில் மறைவாக நின்றிருக்கிறார். பெரியப்பா கூப்பிட்டு, இதுதான் என் தம்பி என்று முன்னால் நிறுத்தியிருக்கிறார். மாப்பிள்ளையின் அம்மா ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மலையில பாத்தோமே. அந்த அடுத்த வீட்டுப் பிள்ள சொகமா இருக்கா?" என்று கேட்டாராம்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்பாவுக்கு மட்டும் புரிந்தது.

"அந்தப் பிள்ளையக் கூட்டிட்டு வாங்க. அது வந்த பெறவு தட்டு மாத்துவோம்" என்றாராம். பெரியப்பா நல்ல நேரம் போகிறது என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். "நேரம் போனாப் போட்டு. நாங்க இருக்கோம்" என்று சம்மணத்தை மாற்றிப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் மாமா வீட்டு மொட்டைமாடியில் இருந்தேன். கீழே கார் வந்து நின்றது. அப்பா வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்ட, மாடிக்கே ஏறி வந்தார்.

"கெளம்பு மக்ளே."

"அவிய எல்லாரும் போயிட்டாவளா?"

"இல்ல. உன்னையப் பாக்கணும்னு இருக்காவ."

முழுக்கைச் சட்டையைத் தேடினேன். "அது வேண்டாம்" என்றார். வழி முழுக்க அவர் காருக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

தோழிகளே, இந்தக் கதையை எங்கள் சொந்தக்காரர்கள் சொல்லும்போது இந்த இடத்தில் எல்லோரும் கண் கலங்குவார்கள். எப்பேர்ப்பட்ட மனுஷி என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த வாசலில் அரைக்கைச் சட்டையோடு நுழைந்தது நான். கூடம் நிறைய ஆட்கள். எல்லோருடைய கண்ணும் என் முழங்கைகளில். அத்தை தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள். பெரியப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் என்னைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி கேட்டார்:

"இது யாருக்க பிள்ளை?"

அப்பா வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. அத்தனை ஊர்ப்பெயர்களைக் கூவிய தொண்டை. மறுபடி முயன்றார்.

"எனக்க பிள்ள."

"அதை அண்ணைக்குச் சொல்லியிருந்தா அண்ணைக்கே தட்டு மாத்தியிருப்பேன்" என்றார் அவர். "நீங்க ரெண்டு பேரும் அந்தப் பச்சைப் பையப் பாத்ததுலயே எந்த வீடுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. பிள்ளைக்க மேலுல உள்ள வெள்ளையப் பாத்து நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கல்ல. பெத்த பிள்ளைய இல்லன்னு சொன்னவன் வீட்டுல பொண்ணு எடுக்கணுமான்னுதான் இத்தன நாளு யோசிச்சேன். அந்தக் குட்டி முகத்துக்காச்சுட்டு வந்தேன்." அத்தையைக் காட்டினார்.

பிறகு என் கையைத் தூக்கி, முழங்கையைத் தடவி, தன் உள்ளங்கையை எல்லோருக்கும் விரித்துக் காட்டினார். "ஒட்டல்ல, பாத்தியளா? ஒண்ணும் ஒட்டாது."

நல்லதுக்குத்தான் செய்தார். நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று சொல்லி ஒருத்தி என் கண்ணைத் துடைத்தாள். அந்தக் கூடத்தில் என் கை மேலே தூக்கப்பட்டு நின்ற அந்த நேரத்தில், பாறைமேல் யாரும் பார்க்காமல் எரிந்துகொண்டிருந்ததே மேல் என்று எனக்கிருந்தது. அதைவிட, அப்பா நின்ற நிலை. டிக்கெட் எடுக்காமல் பிடிபட்டவர்களை அவர் இறக்கிவிடும்போது அவர்கள் அப்படி நிற்பார்கள். ஒளித்துவைத்ததும் பெரியவர்கள்தான், வெளியே எடுத்துக் காட்டியதும் பெரியவர்கள்தான். நடுவில் ஒருவர்கூட என்னிடம், வருகிறாயா, இருக்கிறாயா என்று கேட்கவில்லை.

தட்டு மாற்றினார்கள். கல்யாணம் நடந்தது. அத்தை நன்றாக இருக்கிறாள். அந்த மாமியார் கடைசிவரை அவளைத் தன் மகளைவிட மேலாக வைத்திருந்தார். என் முகத்திலும் வெள்ளை வந்தது, கழுத்தில் வந்தது, மூடி வைக்க இனி இடமில்லை என்றானபோது நானே முழுக்கைச் சட்டையை விட்டுவிட்டேன். மருந்துவாழ்மலைக்கு அப்பாவும் நானும் பிறகு போகவில்லை. கார்த்திகைக்குத் தெருவில் எல்லோரும் மாடியேறி உச்சியில் தீபம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அப்பா அந்த நேரத்துக்கு டூட்டி கேட்டு வாங்கிக்கொள்வார். பஸ் மலையைத் தாண்டும்போது எதிர்ப்பக்கத்து ஜன்னலைப் பார்ப்பார் என்று அவரோடு ஓடிய டிரைவர் ஒருமுறை விளையாட்டாகச் சொன்னார்.

இதோடு முடித்திருக்கலாம். இன்னொன்று இருக்கிறது. அதை அத்தையிடம்கூட நான் சொன்னதில்லை.

படிப்பு முடித்து நான் வேலைக்குப் போகத் தொடங்கியபின் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். என் முகத்தைப் படத்தில் பார்த்துவிட்டுத்தான் யாரும் வருவார்கள். ஆனாலும் முதல் கூட்டம் வந்தபோது, அவர்கள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அப்பா வாசலுக்குப் போய்விட்டார். கைகூப்பிக்கொண்டு, பஸ்ஸில் கொடுக்கிற அந்தக் குரலில் சொன்னார்:

"வாங்க. எனக்க மகளுக்குப் பாண்டு உண்டும். முகத்துல உண்டும், கையில உண்டும், காலுல உண்டும். இது எனக்க சொந்த மக. சம்மதம்னா உள்ள வந்து காப்பி குடிங்க."

எதிர்வீட்டில் கல் கொத்திக்கொண்டிருந்தவர்கள் உளியை நிறுத்திவிட்டார்கள். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஏதோ சொல்லிக்கொண்டு உள்ளே வந்து, உட்கார்ந்ததும் எழுந்து போனார்கள். உள்ளறையில் நான் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அடுத்து வந்தவர்களிடமும் அதே வாசல், அதே குரல். அம்மை கெஞ்சினாள், பெரியப்பா சத்தம் போட்டார், கேட்கவில்லை.

மூன்றாவது கூட்டமும் காப்பியைத் தொடாமல் போன அன்று என்னால் பொறுக்கமுடியவில்லை. கூடத்தில் அப்பா மட்டும் உட்கார்ந்திருந்தார். முன்னால் தட்டில் தம்ளர்கள் ஆடை படிந்து இருந்தன.

"எதுக்குப்பா தெருவே கேக்க நின்னு சொல்லுதிய? எல்லாருக்கும் கண்ணு இல்லியா? உள்ள வந்து இருந்த பெறவு பையச் சொல்லப்பிடாதா? எனக்கு மானக்கேடா இருக்கு."

அவர் தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"பையச் சொன்னா மறைக்கது மாதிரி இருக்கும் மக்ளே" என்றார். பிறகு, "அண்ணைக்கு மலையில நீ என்னைய மாமான்னு விளிச்சே பாத்தியா..." என்று தொடங்கி, அதற்குமேல் போகமுடியாமல் நிறுத்திக்கொண்டார்.

அத்தனை வருடத்தில் நாங்கள் அதைப்பற்றிப் பேசியது அந்த ஒருமுறைதான். அதுவும் பாதி வாக்கியம். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தம்ளரை எடுத்தேன். அவர் ஒன்றை எடுத்தார். வந்தவர்களுக்கென்று அம்மை சர்க்கரை கூடுதலாகப் போட்டிருந்தாள். ஆறிப்போன அந்தக் காப்பியை இருவரும் குடித்து முடித்தோம். அப்பா என்று கூப்பிட வாய் வந்தது. அந்த நேரத்தில் கூப்பிட்டால் அவர் உடைந்துவிடுவார் என்று தோன்றியதால், அவர் கையிலிருந்த தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.